மூன்று நிமிடத்தில் போன 24 மணி நேரம்

2016 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி இரவு ஒன்பது மணி ஆகப்போகிறது. பிரான்ஸ் நாட்டின் லெ மான்ஸ் நகரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் முடியும் தறுவாய். முதலிடத்தில் டோயோட்டாவின் 5ஆம் எண் கார். இரண்டாவதாக வரும் போர்ஷே ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. 1985இல் முதன்முதலாக அந்தத் தடத்தில் கால் வைத்த டோயோட்டா, பலமுறை இரண்டாம் இடம் வரை வந்து திரும்பியிருக்கிறது. இந்த முறை வெற்றி உறுதி. பிட்டில் நிற்கும் பொறியாளர்களின் கண்கள் ஏற்கெனவே கலங்கிவிட்டன.

இன்னும் ஏறக்குறைய ஆறு நிமிடம் இருக்கும்போது ஓட்டுநர் கசுகி நகஜிமா வானொலித் தொடர்பில் கத்துகிறார். வண்டியில் சக்தி இல்லை. மூன்று நிமிடம் சொச்சம் இருக்கையில் கார் வந்து நின்ற இடம், முடிவுக் கோட்டின் அருகே, தன் அணியினர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே. போர்ஷே கடந்து போய் வென்றது. எப்படியோ மறுபடி கிளம்பிய டோயோட்டா, கடைசிச் சுற்றை முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் விதி அனுமதித்த ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. 24 மணி நேரம் ஓடிய அந்த வண்டிக்கு முடிவுப் பட்டியலில் இடமே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? பெரிய இன்ஜின் வெடிப்பு அல்ல. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே காற்று போகும் குழாயில் இருந்த ஓர் இணைப்புத் துண்டு. கைக்குள் அடங்கும் சாமான். அது விட்டுப் போனதால் டர்போவின் கட்டுப்பாடு போனது. கட்டுப்பாடு போனதால் சக்தி போனது.

இந்தப் பழைய கதையை இந்த வாரம் எடுத்ததற்கு ஒரு தொலைபேசி அழைப்பு காரணம்.

அம்மா கேட்ட கேள்வி

நிகழ்ச்சி முடிந்த பிறகு கிள்ளானிலிருந்து ஓர் அம்மா பேசினார். "தம்பி, மகன் எஸ்.பி.எம். எழுதிட்டான். கார் இன்ஜின், ஹைபிரிட்டு, அதைத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். எப்பப் பார்த்தாலும் ரேஸ் வீடியோதான். ரேஸ் எல்லாம் பணக்காரவங்க விளையாட்டு இல்லையா? கடைசியில பட்டறையில எண்ணெய்க் கையோட நிக்கத்தானே போறான்?"

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் பாதிப் பேர் மனத்தில் இருக்கும் கேள்வியும்கூட. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த நாளிலிருந்து, 'எண்டூரன்ஸ் ரேஸ்' என்ற சொல் நம் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்கள். நாம் பார்ப்பது ஸ்டியரிங் பிடித்த கையை மட்டும்தான். அந்த வண்டியைச் செய்த கைகளைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

கூட்டரசு நெடுஞ்சாலைப் பாடம்

ஹைபிரிட் என்றால் என்ன? தினமும் காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் என்று நான் வாசிக்கிறேனே, அங்கேயே பாடத்தை வைத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வருவதற்குள் எத்தனை முறை பிரேக்கை மிதிக்கிறீர்கள்? ஒவ்வொரு மிதியிலும், பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகம் பிரேக்கில் வெறும் சூடாகிக் காற்றில் போகிறது. காசு கொடுத்து வாங்கிய சக்தியைச் சாலையில் கொட்டிக்கொண்டே வருகிறோம். ஹைபிரிட் கார் அந்த வேகத்தில் ஒரு பங்கை வாங்கி மின்சாரமாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கிளம்பும்போது திருப்பித் தருகிறது. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரே, பிரேக் போடும்போது ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

இதே வேலையை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் காரில், 24 மணி நேரம் இடைவிடாமல், மழையிலும் இருட்டிலும் செய்ய வேண்டும் என்றால்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பந்தயத்தில் கண்டுபிடிப்பதுதான் பிறகு நம் காருக்கு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹைபிரிட் கதை தலைகீழ். டோயோட்டா பிரியஸ் 1997இலேயே சாலைக்கு வந்துவிட்டது. பந்தயத்துக்கு அது வரப் பத்தாண்டு ஆனது. 2006இல் ஜப்பானின் தொக்காச்சி 24 மணி நேரப் பந்தயத்தில் லெக்சஸ் ஹைபிரிட் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் ஹைபிரிட் சூப்ரா வென்றது. குடும்பக் காரின் தொழில்நுட்பம்தான் பந்தயத்துக்குப் போய்ப் புடம் போடப்பட்டது.

லெ மான்ஸில் 2012இல் ஹைபிரிட் யுகம் தொடங்கியது. அவுடி, டோயோட்டா, பிறகு 2014இல் போர்ஷே. மூன்று நிறுவனங்களுக்கும் கேள்வி ஒன்றுதான்: பிரேக்கில் பிடித்த சக்தியை எங்கே வைப்பது? அவுடி அதை வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தில் வைத்தது. டோயோட்டா, சட்டென வாங்கிச் சட்டெனக் கொடுக்கும் சூப்பர் கெப்பாசிட்டரில் வைத்தது. போர்ஷே, லித்தியம் பேட்டரியில் வைத்தது. எது சரி என்று புத்தகத்தில் விடை இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். 2016இல் மற்ற இருவரும் பேட்டரிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

விதிமுறையும் சுவையானது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு பெட்ரோல்தான் என்று அளவு வைத்தார்கள். மின்சாரத்துக்கும் அளவு. 2016இல் டோயோட்டாவும் போர்ஷேயும் ஒரு சுற்றில் பயன்படுத்த முடிந்தது 8 மெகாஜூல். நம் மின்கட்டண ரசீதுக் கணக்கில் 2.2 யூனிட். வீட்டில் ஒரு குதிரைசக்தி ஏர்கோன் சுமார் மூன்று மணி நேரம் ஓடும் அளவு. அதை 13.6 கிலோமீட்டர் தடத்தில், மூன்றரை நிமிடத்துக்குள் சேர்த்துச் செலவும் செய்துவிட வேண்டும். டோயோட்டாவின் டிஎஸ்050 காரில் 2.4 லிட்டர் இன்ஜினும் மோட்டார்களும் சேர்ந்து ஏறக்குறைய 1,000 குதிரைசக்தி. மிச்சப்படுத்தத் தெரிந்தவனே வேகமாகப் போக முடியும் என்ற ஆட்டம் இது. நம் பாட்டிமார்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

ஒரு கார் எப்படி உருவாகிறது?

முதலில் காகிதமும் கணினியும். ஜப்பானில் ஹிகாஷி ஃபுஜியில் இன்ஜினும் ஹைபிரிட் பாகங்களும். ஜெர்மனியின் கொலோன் நகரில் கார்பன் ஃபைபர் உடலும் மற்றவையும். ஒரு பாகத்தில் கை வைத்தால் மற்ற எல்லாம் ஆட்டம் காணும். பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடும். எடையைக் குறைக்கச் சிறிய பேட்டரி வைத்தால் அது சூடாகும். குளிர்விக்கக் காற்று வழி திறந்தால் காற்றுத் தடை கூடி வேகம் குறையும். பிரேக் மிதியும் சாதாரண மிதி அல்ல. மோட்டார் எவ்வளவு பிடிக்க வேண்டும், தட்டுப் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணினி ஒவ்வொரு கணமும் பிரித்துக் கொடுக்கும். பேட்டரி நிறைந்துவிட்டால் பங்கு மாறும். ஓட்டுநரின் காலுக்கு மட்டும் எந்த மாற்றமும் தெரியக்கூடாது. அந்த ஒரு 'தெரியக்கூடாது'க்காக மாதக்கணக்கில் உழைக்கும் குழு உண்டு.

பிறகு சோதனை. 24 மணி நேரத்துக்கும் மேலாக வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடையட்டும் என்பதுதான் நோக்கம். எது உடைந்தது, எத்தனையாவது மணியில், என்ன வெப்பத்தில் என்று எழுதி வைப்பார்கள். அடுத்த மாதம் அந்தப் பாகம் மாறியிருக்கும்.

இவ்வளவு செய்தும் 2016இல் ஓர் இணைப்புத் துண்டு கைவிட்டது. சரி, அதைச் சரிசெய்து 2017இல் வந்தார்களே, என்ன ஆயிற்று?

அந்த ஆண்டு இன்னும் வேகம். தகுதிச் சுற்றில் கமுய் கொபயாஷி 3 நிமிடம் 14.791 விநாடியில் சுற்றி வந்து சாதனை படைத்தார். இரவில் அவர் கார்தான் முதலிடம். பிட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு நிற உடையில் ஒருவர் ஓடிவந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தட ஊழியர்களின் உடையும் ஆரஞ்சு. 'போகலாம்' என்கிறார் என்று நினைத்து கொபயாஷி கிளம்பினார். அணியோ 'நில், நில்' என்றது. நின்றார், மறுபடி கிளம்பினார். உண்மையில் கை காட்டியவர் வேறோர் அணியின் ஓட்டுநர். முதலிடத்தில் இருந்தவரை உற்சாகப்படுத்த வந்தவர்!

அந்தக் கார் நின்ற இடத்திலிருந்து மின்மோட்டாரில் கிளம்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. அன்றைய குழப்பத்தில் இன்ஜினையும் கிளட்ச்சையும் போட்டுத் திரும்பத் திரும்பக் கிளப்பியதில் கிளட்ச் எரிந்தது. கதை முடிந்தது. இன்னொரு டோயோட்டா, முன்பக்க மோட்டார் பழுதாகி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிட்டிலேயே கிடந்தது. போர்ஷேக்களும் தடுமாறின. ஹைபிரிட் இல்லாத, செலவு குறைந்த எல்எம்பி2 வகைக் கார் ஒன்று பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஒட்டுமொத்த முதலிடத்தில் ஓடி, இறுதியில் இரண்டாவதாக முடித்தது. ஜாக்கி சான் பெயர் தாங்கிய அணியின் கார் அது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்; மலேசியர்களுக்கு அதில் பங்கு வரப்போகிறது.

2018க்கு முன் டோயோட்டா செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரை இன்னும் வேகமாக்குவதை விட்டுவிட்டு, கெட்டுப்போவதைப் பழகினார்கள். சோதனை ஓட்டங்களில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள். ஒரு சக்கரம் போய்விட்டால் எப்படி வீடு வந்து சேர்வது என்று மூன்று சக்கரத்தில்கூட ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர், பொறியாளர், மெக்கானிக் எல்லாருக்கும் அந்தப் பயிற்சி. 2018 ஜூனில் டோயோட்டா முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. மூன்றாவதாக வந்த கார் 12 சுற்று பின்னால். அவுடியும் போர்ஷேயும் அதற்குள் விலகிவிட்டதால் ஹைபிரிட்டில் எதிராளி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் 24 மணி நேரம் என்ற எதிராளி அங்கேயேதான் இருந்தது. வென்ற காரைக் கடைசியில் ஓட்டிவந்து கோட்டைக் கடந்தவர் யார்? அதே நகஜிமா.

நம்மவர்கள் எங்கே?

இந்தக் கதையின் ஓரங்களில் நம்மவர்கள் நிற்கிறார்கள். 2009இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் லெ மான்ஸ் போனார். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரருகே விழுந்து தோள்மூட்டு விலகியது, ஓட்ட முடியவில்லை. அவருடைய காரை மற்ற இருவரே மாறி மாறி ஓட்டி ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆன்ட்ரே லாட்டரர். அந்த ஓட்டத்தைப் பார்த்து அவுடி அவரைத் தன் அணிக்கு அழைத்துக்கொண்டது. 2012இல் லெ மான்ஸை வென்ற முதல் ஹைபிரிட் காரின் ஓட்டுநர்களில் அவரும் ஒருவர். ஒருவருக்கு விலகிய தோள் இன்னொருவருக்குத் திறந்த கதவானது.

அதே 2012 பந்தயத்தில் சென்னையின் கருண் சந்தோக், ஹைபிரிட் இல்லாத காரில் ஓட்டி, தம் அணியோடு ஆறாம் இடத்தில் முடித்தார். லெ மான்ஸில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். டோயோட்டா வென்ற 2018இல், முன்பு சொன்ன ஜாக்கி சான் அணியின் 37ஆம் எண் காரில் மூன்று ஓட்டுநர்களும் மலேசியர்கள்: ஜஸ்மான் ஜாஃபார், வெய்ரோன் தான், நபில் ஜெஃப்ரி. வரலாறு நடந்த இரண்டு ஆண்டிலும் நம் மண்ணின் பிள்ளைகள் தடத்தில் இருந்தார்கள். ஆனால் இருந்தது ஓட்டுநர் இருக்கையில், ஹைபிரிட் இல்லாத கார்களில்.

ஓட்டுநர் ஆவதற்கு ஆறு வயதில் கோ-கார்ட், கோடிக்கணக்கில் பணம், ஆதரவாளர் எல்லாம் வேண்டும். அந்த இடத்தில் அம்மா சொன்னது உண்மை. அது பணக்காரர் விளையாட்டு. ஆனால் ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர் என்றால், அதை உருவாக்கி ஓடவைக்கப் பெரும் படை வேண்டும். அந்தப் படையில் சேர அப்பாவிடம் பணம் இருக்க வேண்டியதில்லை. கணக்கு, இயற்பியல், கைத்திறன், பொறுமை இருந்தால் போதும்.

கிள்ளான் பட்டறை வரை

'அதெல்லாம் ஜப்பான், ஜெர்மனி' என்கிறீர்களா? கிள்ளான் புக்கிட் ராஜாவில் உள்ள டோயோட்டா ஆலையில் 2022 முதல் கொரோல்லா கிராஸ் ஹைபிரிட் பூட்டப்படுகிறது. மலாக்காவின் பெகோவில் ஹோண்டா பத்தாண்டுக்கு முன்பே ஹைபிரிட் காரைப் பூட்டத் தொடங்கிவிட்டது. 2011 முதல் 2013 வரை இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு அரசு வரிவிலக்கு தந்ததில் எத்தனை குடும்பங்கள் பிரியஸும் இன்சைட்டும் வாங்கின! அந்த வண்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. பேட்டரி களைத்துப் பட்டறைக்கு வருகின்றன.

அங்கேதான் உண்மையான சிக்கல். லெ மான்ஸ் ஹைபிரிட் காரில் ஒரு சிறு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு என்றால் யாரும் கிட்டே போகக்கூடாது. காப்புக் கையுறை இல்லாமல் மெக்கானிக் கை வைக்க மாட்டார். நம் சாலை ஹைபிரிட்டுகளிலும் தடித்த ஆரஞ்சு நிற மின்கம்பிகள் ஓடுகின்றன. உயிரை எடுக்கும் மின்னழுத்தம் அது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள நம் ஃபோர்மேன் அண்ணன்கள் இன்ஜின் சத்தம் கேட்டே நோயைச் சொல்வார்கள். ஆனால் மின்சாரத்துக்குச் சத்தம் கிடையாது. முறையான பயிற்சி இல்லாமல் அந்தக் கம்பியில் கை வைப்பது ஆபத்து. கை வைக்க மாட்டேன் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினால் தொழில் போகும். கிள்ளானிலும் செந்தூலிலும் நம்மவர்கள் தலைமுறையாக நடத்தும் பட்டறைகள் அடுத்த பத்தாண்டில் நிற்குமா, சாயுமா என்பதை இந்த ஒரு பயிற்சி தீர்மானிக்கக்கூடும்.

ஆகவே அம்மா, உங்கள் மகன் பட்டறையில் நின்றால் நிற்கட்டும். எந்தப் பட்டறையில், என்ன படித்துவிட்டு என்பதை மட்டும் பாருங்கள். எண்ணெய்க் கை ஒன்றும் தாழ்ந்த கை அல்ல.

பிள்ளைகளுக்குச் சில யோசனைகள். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கினீர்கள் அல்லவா? படிவம் ஐந்தோடு அதை மூட்டை கட்டி வைக்காதீர்கள். பாலிடெக்னிக்கோ தொழிற்கல்லூரியோ பல்கலைக்கழகமோ, எங்கே சேர்ந்தாலும் இயந்திரவியலோடு மின்னியலையும் கொஞ்சம் கணினி நிரலையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஹைபிரிட் என்ற சொல்லே கலப்பு என்பதுதான். மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் வடிவமைக்கும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்கு நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவும் கார் செய்கின்றன. நீங்கள் சேரும் இடத்தில் அப்படிக் குழு இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடும் ஷெல் ஈக்கோ மாரத்தானின் ஆசியப் போட்டி 2010இல் முதன்முதலாக நடந்ததே நம் சிப்பாங்கில்தான். அதன் ஒரு பிரிவுக்குப் பெயரே 'புரோட்டோடைப்'. லெ மான்ஸ் கார்களுக்கும் அதே பெயர்தான்.

சிப்பாங்கில் ஃபார்முலா 1 2017 உடன் நின்றுவிட்டது; ஆனால் தடம் நிற்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் டிசம்பரில் ஆசிய லெ மான்ஸ் தொடர் அங்கே வந்திருக்கிறது. ஹைபிரிட் கார்கள் அதில் இல்லை என்றாலும் புரோட்டோடைப் கார்களை நேரில் பார்க்கலாம். குடும்பத்தோடு போனால் பிட் பக்கம் நடக்க வாய்ப்புக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநரோடு செல்ஃபி எடுத்த பிறகு ஒரு பத்து நிமிடம் அங்கேயே நின்று, கையில் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாக, ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பார்க்கும் அந்த மனிதரைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

2016இல் டோயோட்டா பறிகொடுத்தது அந்தக் கையின் கவனத்துக்கு உட்பட்ட ஒரு பொருளைத்தான்.

அடுத்த வாரம் சந்திப்போம். உங்கள் பட்டறைக் கதைகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.